ஒரு பாட்டிலுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தயாராகும் ஒரு விஸ்கியின் விலை. அதன் பெயர் பாப்பி வான் விங்கிள். போர்பன் வகையைச் சேர்ந்தது. 23 ஆண்டுகள் பீப்பாயில் கிடந்த சரக்கை அடைத்த 750 மில்லி பாட்டிலுக்கு 2021 வாக்கில் தயாரிப்பாளர் குறித்த விலை 300 டாலர். அதே பாட்டில் வெளியே கைமாறிய விலை மூவாயிரம், நாலாயிரம் டாலர். ஒரே பொருளுக்கு இரண்டு விலை. நடுவே பத்து மடங்கு இடைவெளி. இதில் எந்த விலை நியாயம் என்பதே கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் குறித்த விலை நியாயமானது, அதற்குக் கணக்கு இருக்கிறது. அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் விஸ்கிக்காகக் கொடுப்பதல்ல. மதுவைப் பற்றிப் பொதுமேடையில் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். குடியைப் பரிந்துரைக்க நான் வரவில்லை. ஒரு பொருளின் விலையில் எவ்வளவு உழைப்பு, எவ்வளவு காலம், எவ்வளவு ஊர்ப்பேச்சு என்று பிரித்துப் பார்க்க இதைப் போல வசதியான உதாரணம் கிடைப்பது அரிது. பாட்டிலுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சட்டமே வரையறுத்துவிட்டதால், மீதியை அளந்து பார்க்க முடிகிறது.

பொருளிலிருந்து தொடங்குவோம். அமெரிக்கச் சட்டப்படி போர்பன் என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், ஊறவைக்கும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடித்து இறக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் அதை ஊற்றி வைக்க வேண்டும், ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீர் தவிர நிறமோ மணமோ எதுவும் சேர்க்கக் கூடாது. போர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று 1964இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானமே போட்டது. பெரும்பாலான போர்பனில் மக்காச்சோளத்துக்கு அடுத்த தானியம் ரை. காரமான வாசனை அதிலிருந்து வருகிறது. வான் விங்கிள் குடும்பத்துச் சரக்கில் ரைக்குப் பதிலாகக் கோதுமை. அதனால் மக்காச்சோளத்தின் இனிப்பு முன்னே வருகிறது, நாக்கில் மென்மையாக இறங்குகிறது. கோதுமைச் சரக்கு நெடுங்காலம் பீப்பாயில் கிடப்பதைத் தாங்கும் என்பது அந்தத் தொழிலில் பலரும் ஒப்புக்கொண்ட அனுபவம். ஆக, இந்தச் சுவைக்கு அடிப்படை உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும், விலையைப் பற்றிய வாதத்தில் பாதி இதில்தான் இருக்கிறது. பாப்பி என்று அழைக்கப்பட்ட ஜூலியன் வான் விங்கிள் 1893இல் டபிள்யூ. எல். வெல்லர் நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தவர். பிறகு அந்த நிறுவனத்துக்கே உரிமையாளர்களில் ஒருவரானார். மதுவிலக்கு நீங்கியபின், 1935 மே மாதம் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாளன்று, லூயிவில் நகரை ஒட்டிய ஷைவ்லியில் ஸ்டிட்ஸல்-வெல்லர் டிஸ்டில்லரி திறக்கப்பட்டது. லாபம் வந்தால் லாபத்துக்கு, வராவிட்டால் நஷ்டத்துக்கு, எப்படியானாலும் நல்ல சரக்கையே காய்ச்சுவோம் என்ற பொருளில் அவர் அங்கே ஒரு பலகை வைத்திருந்தார். 1965இல் அவர் மறைந்தார். 1972இல் டிஸ்டில்லரி கைமாறியது. அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் வோட்காவுக்கு மாறியதால் போர்பன் தொழிலே சரிந்துகொண்டிருந்தது. கிடங்குகளில் வயதான பீப்பாய்களைக் கேட்பாரில்லை. 1981இல் தந்தை மறைந்தபின் குடும்பத் தொழிலுக்குப் பொறுப்பேற்ற பேரன் மூன்றாம் ஜூலியன், அப்படிக் கிடந்த பழைய பீப்பாய்களை வாங்கி அடைத்து விற்றார். 1990களின் பிற்பகுதியில் சிகாகோவின் பானச் சோதனை நிறுவனம் ஒன்று 20 ஆண்டுப் பாப்பிக்கு 99 புள்ளிகள் கொடுத்தது. அதற்கு முன்பே, 1992இல், ஸ்டிட்ஸல்-வெல்லர் காய்ச்சுவதை நிறுத்திவிட்டது. 2002இல் குடும்பம் கென்டக்கியின் பிராங்க்ஃபர்ட் நகரிலுள்ள பஃபலோ ட்ரேஸ் டிஸ்டில்லரியோடு கூட்டுச் சேர்ந்தது. அன்றிலிருந்து இன்றுவரை சரக்கு அங்கேதான் தயாராகிறது.

இப்போது 300 டாலர் கணக்கைப் பார்ப்போம். போர்பன் பீப்பாயின் கொள்ளளவு சுமார் 200 லிட்டர். கென்டக்கிக் கிடங்குகளில் பெரும்பாலும் குளிர்சாதனமோ வெப்பமூட்டலோ கிடையாது. கோடை வெயிலில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும். பனிக்காலத்தில் சுருங்கி வெளியே வரும். இப்படிப் போய்வரும்போது கருக்கிய மரத்திலிருந்து நிறத்தையும் வெனிலா மணத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. அதே வேளையில் மரத்தின் நுண்துளைகள் வழியே ஆவியாகியும் போகிறது. இந்த இழப்பைத் தொழிலில் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் என்பது வழக்கமான மதிப்பீடு. நடுவாக 4 என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டரில் 4 ஆண்டு கழித்து மிஞ்சுவது 170 லிட்டர். 23 ஆண்டு கழித்து மிஞ்சுவது 78 லிட்டர். பீப்பாயில் பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. அடுத்து, போட்ட முதலுக்கு வட்டி. ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால், 100 டாலர் 4 ஆண்டில் 122 ஆகும். 23 ஆண்டில் 307 ஆகும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 4 ஆண்டுச் சரக்கில் ஒரு லிட்டருக்கு ஒரு டாலர் அடக்கம் என்றால், 23 ஆண்டுச் சரக்கில் அதே லிட்டருக்கு ஐந்தரை டாலர் அடக்கம்.

இதோடு முடியவில்லை. கென்டக்கியில் கிடங்கில் தூங்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஆண்டுதோறும் சொத்துவரி உண்டு. 2026இலிருந்து படிப்படியாகக் குறைத்து 2043இல் நீக்குவதென்று 2023இல்தான் சட்டம் வந்தது. இன்று பாட்டிலில் இருக்கும் 23 ஆண்டுச் சரக்கு அந்த வரியை முழுக்கக் கட்டிய சரக்கு. கிடங்குச் செலவு, காப்பீடு, ஒழுகும் பீப்பாய் எல்லாம் தனி. இவற்றைவிடப் பெரியது, கெட்டுப்போகும் பீப்பாய். ஸ்காட்ச் விஸ்கி பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில், குளிர்ந்த ஊரில் கிடக்கிறது; அதனால் அது முப்பது, நாற்பது ஆண்டும் தாங்கும். போர்பனுக்குப் பீப்பாய் புதியது, ஊரோ வெயில் ஊர். பன்னிரண்டு, பதினைந்து ஆண்டைத் தாண்டினால் மரத்தின் துவர்ப்பு ஏறி இனிப்பை அமுக்கத் தொடங்கிவிடும். 23 ஆண்டு வரை வைத்திருந்து பார்த்து, துவர்ப்பேறிய பீப்பாய்களை ஒதுக்கி, மிஞ்சும் நல்லவற்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒதுக்கியவற்றின் செலவையும் தேர்ந்தெடுத்த பாட்டில்களே சுமக்கின்றன. இப்போது ஒப்பிடுங்கள். இதே போலக் கோதுமை சேர்த்த, இளம் வயது போர்பனான மேக்கர்ஸ் மார்க் அமெரிக்காவில் 30 டாலர் அளவில் கிடைக்கிறது. அதன் ஐந்தரை மடங்கு 165. வரி, கழிவு, துணிந்து காத்திருந்ததற்கான லாபம் எல்லாம் சேர்த்து அதை இரட்டிப்பாக்கினால் 330. தயாரிப்பாளர் குறித்த 300 டாலர் அதற்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆகவே அந்த விலை காலத்துக்கும் உழைப்புக்கும் துணிச்சலுக்கும் கொடுக்கும் நேர்மையான கூலி. விலை உயர்ந்ததெல்லாம் ஏமாற்று என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு நான் இந்த இடத்தில் உடன்படவில்லை.

அப்படியானால் மூவாயிரம் எங்கிருந்து வந்தது? 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது அமெரிக்க மாநிலங்கள் மூன்றடுக்கு விற்பனை முறையை அமைத்தன. தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு விற்க வேண்டும், மொத்த வியாபாரி கடைக்கு விற்க வேண்டும், கடைதான் குடிப்பவருக்கு விற்கலாம். தயாரிப்பாளர் விலையைப் பரிந்துரைக்கலாமே தவிரக் கடையைக் கட்டுப்படுத்த முடியாது. பாப்பி ஆண்டுக்கு ஒருமுறை இலையுதிர் காலத்தில்தான் கடைகளுக்குப் போகிறது. ஒரு கடைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பாட்டில்களே ஒதுக்கீடு. விற்பனை அரசின் கையில் உள்ள 17 மாநிலங்களில், அதாவது நம் டாஸ்மாக் போன்ற அமைப்பு ஏதோவொரு அளவில் இயங்கும் இடங்களில், குறித்த விலை பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் குலுக்கல் நடத்தி, பெயர் விழுந்தவருக்கு அந்த விலையில் கொடுக்கிறார்கள். மற்ற இடங்களில் கடைக்காரர் வைத்ததே விலை. அதற்கும் மேலே தனியாட்கள் வாங்கி விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் இல்லாதவர் மது விற்பது குற்றம். 2019இல் ஃபேஸ்புக் தன் தளத்தில் இத்தகைய விற்பனை நடந்த குழுக்களை விலக்கியது. ஆனாலும் விலையை நிர்ணயிப்பது இந்தச் சந்தைதான். விற்கும் கடைகளும் அந்த விலையைப் பார்த்துத்தான் தங்கள் விலையை எழுதுகின்றன.

பெரிய நடிகரின் படத்துக்கு முதல் நாள் டிக்கெட்டை அரங்க வாசலில் பத்து மடங்கு கொடுத்து வாங்குபவரை நாம் அறிவோம். அந்தக் கூடுதல் பணம் நடித்தவருக்கும் போகாது, இயக்கியவருக்கும் போகாது, வரிசையில் முன்னால் நின்றவன் பைக்குப் போகும். படமும் அதனால் ஒரு காட்சி கூட நீளாது. பாப்பியில் நடப்பது அதேதான். 300க்கும் 3,000க்கும் நடுவே உள்ள 2,700 டாலரில் மக்காச்சோளம் விளைவித்தவருக்குப் பங்கில்லை, பீப்பாய் செய்தவருக்குப் பங்கில்லை, 23 ஆண்டு காத்திருந்தவருக்கும் பங்கில்லை. அது முழுக்க முழுக்க இடையில் கைவைத்தவரின் லாபம். விலையின் நியாயத்தைப் பற்றிப் பேசும்போது, பணம் யாரிடம் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் விலையை ஏற்றி விற்க வேண்டாம் என்று கடைகளைத் தயாரிப்பாளர்களே கேட்டுக்கொள்கிறார்கள் என்பது, அந்தக் கூடுதல் விலை அவர்கள் உழைப்பின் மதிப்பு இல்லை என்பதற்கு அவர்களே தரும் சாட்சி.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிய சபலம் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள். 2013 அக்டோபரில் பஃபலோ ட்ரேஸ் கிடங்கிலிருந்து 20 ஆண்டுப் பாப்பி 195 பாட்டிலும், 13 ஆண்டு வான் விங்கிள் ரை 27 பாட்டிலும் காணாமல் போனது தெரியவந்தது. 2015இல் ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது; முக்கியமானவர் அங்கே நெடுநாள் வேலை பார்த்த ஊழியர். வெளியிலிருந்து வந்த கொள்ளைக்கூட்டம் இல்லை, உள்ளே இருந்த கைகள்தான். அடுத்தது ஓரிகன் மாநிலம். அங்கே மது விற்பனை அரசு ஆணையத்தின் பொறுப்பு. பொதுமக்களுக்குக் கிடைக்க வேண்டிய பாப்பி போன்ற அரிய பாட்டில்களை ஆணையத்தின் தலைமை அதிகாரி உட்பட ஆறு அதிகாரிகள் தங்களுக்காக ஒதுக்கி வைத்துக்கொண்டது 2023இல் அம்பலமானது. அவர்கள் பணம் கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் மற்றவர்கள் குலுக்கலில் காத்திருக்கும்போது அவர்கள் பதவியைக் காட்டி வாங்கினார்கள். தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. ஒரு பானம் இவ்வளவு நல்லது என்பதால் இது நடக்கவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பத்து மடங்கு பள்ளம் இருந்தால், அது எந்தப் பொருளாக இருந்தாலும் நேர்மையானவர்களும் அதில் வழுக்குவார்கள்.

எல்லாம் சரி, சுவை அந்த விலைக்கு ஈடாகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல இரண்டு பாட்டில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஒன்று, வான் விங்கிள் வரிசையில் வரும் 12 ஆண்டு லாட் பி. மற்றொன்று, டபிள்யூ. எல். வெல்லர் 12 ஆண்டு. இரண்டும் பஃபலோ ட்ரேஸில் தயாராகின்றன. தானியக் கலவை ஒன்றே, கோதுமையும் ஒன்றே. இரண்டுக்கும் வயது 12. லாட் பியில் ஆல்கஹால் 45.2 சதவீதம், வெல்லரில் 45. வித்தியாசம், கிடங்கில் எந்த இடத்துப் பீப்பாய், யார் தேர்ந்தெடுத்தது என்பதில் மட்டும். அது சிறிய விஷயமில்லை. மேல்தளத்தில் வெயில் படும் பீப்பாயும் கீழ்தளத்தில் குளிர்ந்து கிடந்த பீப்பாயும் ஒரே சுவை தராது. தேர்வுக்கு ஒரு கூலி உண்டு. தயாரிப்பாளர் லாட் பிக்குக் குறித்த விலை வெல்லரைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதுவரை ஒப்புக்கொள்ளலாம். வெளிச்சந்தையிலோ லாட் பி வெல்லரைப் போலப் பல மடங்கு. மரமும் தானியமும் வயதும் வீரியமும் ஒன்றாக இருக்கும்போது, அந்தப் பல மடங்கு லேபிளுக்குத்தான்.

இந்த வெல்லருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் 30 டாலருக்குள் எந்தக் கடையிலும் தூசி படிந்து நின்ற பாட்டில் அது. வெல்லரின் இரண்டு வகைகளைக் குறிப்பிட்ட அளவில் கலந்தால் பாப்பியின் சுவைக்குக் கிட்டே வரும் என்ற பேச்சு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பரவியது. பாப்பி கிடைக்காதவர்கள் வெல்லரைத் தேடினார்கள். இன்று வெல்லரும் ஒதுக்கீட்டுச் சரக்காகிவிட்டது, அதுவும் குறித்த விலையைப் போலப் பல மடங்குக்கு விற்கிறது. அந்தப் பத்தாண்டில் வெல்லரின் தானியக் கலவை மாறவில்லை, சுவை பல மடங்கு கூடிவிடவுமில்லை. பாப்பியின் பெயர் பட்டதும் விலை ஏறியது. விலை சுவையைப் பின்தொடர்கிறது என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

விலையை அறிந்ததும் நாக்கே மாறிவிடுகிறது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. 2008இல் வெளிவந்த ஆய்வில் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரே ஒயினை ஒருமுறை மலிவு விலை சொல்லியும் மறுமுறை அதிக விலை சொல்லியும் கொடுத்தார்கள். அதிக விலை சொன்னபோது குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் இயக்கமும் கூடவே கூடியது. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, விலையை மறைத்துச் செய்த 6,000க்கும் மேற்பட்ட சுவைப்புகளை ஆராய்ந்தது. பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினைச் சற்றுக் குறைவாகவே விரும்பினார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் மட்டும் விலைக்கும் விருப்பத்துக்கும் ஓரளவு பொருத்தம் தெரிந்தது. ஒயினில் செய்த ஆய்வு விஸ்கிக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பானம் வேறு, குடிப்பவரின் நாக்கும் மூளையும் அதேதான். பயிற்சி பெற்ற நாக்குக்கு 23 ஆண்டு ஓக்கின் ஆழம் தெரியும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பயிற்சி பெற்றவர்களில் பலர், 23 ஆண்டைவிட 15 ஆண்டுப் பாப்பியே நல்ல சமநிலையில் இருக்கிறது என்கிறார்கள். மரத்தின் துவர்ப்பைப் பற்றி முன்பு சொன்னதோடு இது ஒத்துப்போகிறது. வயது கூடக் கூட விலை கூடுவது கணக்கின் விதி. சுவைக்கு அப்படி ஒரு விதி கிடையாது.

அடுத்த வாதம் வரலாறு. இது ஒரு மறைந்த டிஸ்டில்லரியின் நினைவு, ஒரு குடும்பத்தின் நூறாண்டுப் பாரம்பரியம், அதற்கு எப்படி விலை போடுவது என்கிறார்கள். ஸ்டிட்ஸல்-வெல்லரில் வடித்த உண்மையான பழைய பாட்டில்களுக்கு இந்த வாதம் பொருந்தும். அவை இனி உருவாகப் போவதில்லை. அவற்றைத் தேடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்று அலமாரிக்கு வரும் பாட்டிலுக்கு ஒரு கழித்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024இல் விற்ற 23 ஆண்டுச் சரக்கு 2001 வாக்கில் வடித்தது. ஸ்டிட்ஸல்-வெல்லரில் அடுப்பு அணைந்தது 1992இல். லேபிளில் சுருட்டைப் பற்றவைக்கும் பெரியவர் மறைந்து அப்போது 36 ஆண்டு ஆகியிருந்தது. 99 புள்ளி வாங்கிய சரக்கும் இன்றைய சரக்கும் வெவ்வேறு இடத்துச் சரக்கு. இதனால் பஃபலோ ட்ரேஸ் சரக்கு மட்டம் என்று ஆகாது. உலகின் சிறந்த டிஸ்டில்லரிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்தப் பெருமைக்குரிய விலையை அதன் பெயரில் கேட்க வேண்டும். மறைந்துபோன ஓர் ஆலையின் புகழை, அந்த ஆலையில் பிறக்காத சரக்கின் மீது ஏற்றிப் பத்து மடங்கு கேட்பது சரியாகாது.

பொருளியல் படித்தவர்கள் வேறு வாதம் வைக்கிறார்கள். வாங்குபவர் மனமுவந்து கொடுக்கும் விலையே ஒரு பொருளின் மதிப்பு, அதற்கு வெளியே மதிப்பு என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் கட்சி. பண்டத்தின் விலையை விளக்க அது போதும். ஆனால் ஒருவர் நம்மிடம் வந்து இதை வாங்கலாமா என்று கேட்கும்போது அந்தப் பதில் உதவாது. மற்றவர்கள் கொடுக்கிறார்கள் என்பதே தான் கொடுப்பதற்குக் காரணமானால், அந்த மற்றவர்களும் அதே காரணத்துக்காகத்தான் கொடுக்கிறார்கள். யாரும் பாட்டிலைப் பார்க்கவில்லை, ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலும், குடிப்பதற்கு வாங்கினேன், விலை ஏறினால் விற்பேன் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் அதிகம். திறந்தால் விற்க முடியாது, விற்றால் குடிக்க முடியாது. இரண்டு காரணத்தையும் ஒரே பாட்டிலுக்குச் சொல்லி விலையை நியாயப்படுத்த இயலாது.

முதலீடு என்று மட்டும் வைத்துப் பார்த்தாலும் வலுவில்லை. ஒயின் பாட்டிலுக்குள்ளும் முதிரும். விஸ்கி பீப்பாயை விட்டு வெளியே வந்த நாளோடு முதிர்வது நின்றுவிடும். இருபது ஆண்டு பூட்டி வைத்தாலும் 23 ஆண்டுச் சரக்கு 23 ஆண்டுச் சரக்காகவே இருக்கும். விற்கப் போனால் பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் தடுக்கும். கென்டக்கி 2018இல், பழைய பாட்டில்களைத் தனியாரிடமிருந்து உரிமம் பெற்ற கடைகள் வாங்கி விற்கலாம் என்று வழி திறந்தது. போலிகளின் பயம் தனி. பாப்பியின் காலிப் பாட்டில்களுக்கே இணையத்தில் நல்ல விலை உண்டு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 2021இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நியூயார்க்கில் ஏறத்தாழ 1,000 டாலர் கொடுத்து வாங்கிய கர்னல் ஈ. எச். டெய்லர் என்ற போர்பன் பாட்டிலைத் தயாரிப்பாளரான பஃபலோ ட்ரேஸே சோதித்தபோது, உள்ளே இருந்தது அவர்கள் சரக்கே இல்லை என்று தெரிந்தது. அதோடு சந்தையும் இறங்குமுகத்தில் இருக்கிறது. கென்டக்கிக் கிடங்குகளில் முதிரும் பீப்பாய்கள் 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டிவிட்டன. கிளெர்மான்டில் உள்ள தன் முதன்மை டிஸ்டில்லரியில் 2026 முழுவதும் வடிப்பதை நிறுத்தி வைப்பதாகப் போர்பன் நிறுவனமான ஜிம் பீம் அறிவித்தது. அரிய பாட்டில்களின் வெளிச்சந்தை விலையும் 2022க்குப் பிறகு தணிந்திருக்கிறது. 1970களில் கேட்பாரற்றுக் கிடந்த பீப்பாய்களிலிருந்து தொடங்கியதுதான் இந்தக் கதை. தேவை ஏறும், இறங்கும் என்பதற்குப் பாப்பியின் பிறப்பே சாட்சியாக இருக்கும்போது, இனி ஏறவே செய்யும் என்று நம்பிப் பணத்தைப் போடுவது விவேகமாகாது.

கடைசியாக ஒரு நல்ல கேள்வி. குறித்த விலை நியாயம் என்கிறீர்கள், ஆனால் அந்த விலையில் யாருக்கும் கிடைப்பதில்லையே. தயாரிப்பாளரே 3,000 என்று வைத்துவிட்டால் இடைத்தரகர் லாபம் ஒழியுமே, பணமும் உழைத்தவருக்குப் போகுமே என்று கேட்கலாம். பணம் சரியான கைக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் அப்போது குலுக்கலில் பெயர் விழுந்த ஒரு பள்ளி ஆசிரியரோ லாரி ஓட்டுநரோ அந்தப் பாட்டிலைத் தொடவே முடியாது. குறைவாக உள்ள பொருளைப் பணத்தால் பங்கிடுவதா, அதிர்ஷ்டத்தால் பங்கிடுவதா என்றால், அத்தியாவசியமில்லாத ஒரு பொருளில் அதிர்ஷ்டம் பணத்தைவிட நடுநிலையானது என்பது என் கருத்து. பென்சில்வேனியாவின் குலுக்கல் அதைச் செய்து காட்டியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் கடந்த சில ஆண்டுகளாகக் குறித்த விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவருகிறார்கள். அடக்கவிலைக்குப் பொருந்தும்வரை அதில் தவறில்லை. வெளிச்சந்தையைத் துரத்திக்கொண்டு போனால், நல்ல சரக்கே முதல் நோக்கம் என்று பலகை வைத்தவரின் பெயரை அவர்கள் இழப்பார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் இந்திய அரசு போர்பனுக்கான இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 சதவீதமாகக் குறைத்தது. இதனால் சாதாரண போர்பன் வகைகள் இங்கே சற்று எட்டும் விலைக்கு வரக்கூடும். ஒதுக்கீட்டில் வரும் அரிய பாட்டிலுக்கு இது பொருந்தாது. அதன் விலையை வரி தீர்மானிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் பல லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு பாட்டிலை வரவழைக்க நினைப்பவர்கள், அந்தத் தொகையில் எவ்வளவு கென்டக்கியின் கிடங்குக்குப் போகிறது என்று ஒரு நிமிடம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. குறித்த விலையில், குலுக்கலிலோ நேர்மையான கடையிலோ பாப்பி வான் விங்கிள் கிடைத்தால், விரும்பியவர் தாராளமாக வாங்கலாம். அது காலத்துக்கும் பொறுமைக்கும் உரிய விலை. வாங்கியதைத் திறந்து நண்பர்களோடு பகிர்ந்து குடிப்பதே அதைக் காய்ச்சியவர்களுக்குச் செய்யும் மரியாதை. சுவையை அறிய மட்டும் ஆசை என்றால், மதுக்கூடத்தில் ஒரு அளவு வாங்கிப் பார்த்தால் போதும். கோதுமைப் போர்பன் பிடித்தவருக்கு மேக்கர்ஸ் மார்க் இருக்கிறது, லார்செனி இருக்கிறது, ஸ்டிட்ஸல்-வெல்லரின் பழைய பெயர்களில் ஒன்றான ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு இருக்கிறது. குறித்த விலைக்கு மேல் ஒரு டாலரும் கொடுக்காதீர்கள். வாங்குபவர் கை மடங்கினால் இடைத்தரகர் கடை மூடும், பாட்டில் குறித்த விலைக்கே அலமாரிக்குத் திரும்பும். அதைச் செய்யும் அதிகாரம் சட்டத்திடம் இருப்பதைவிட வாங்குபவரிடமே அதிகம் இருக்கிறது.